காப்புக் கையும் அரை மாத்திரையும்

என் மகள் கனிஷ்காவுக்கு ஏழு வயது. தினமும் காலையில் இரண்டு தோசை தின்ற பிறகு ஒரு சின்ன வெள்ளை மாத்திரையில் பாதியை விழுங்குகிறாள். இதை எழுதும்போதே, "ஐயோ, இத்துனூண்டு புள்ளைக்கா?" என்று யாரோ காதருகில் கேட்பதுபோல் இருக்கிறது. கேட்கட்டும். ஐந்து மாதமாக ஊரார் பேச்சு முழுவதையும் நான் கேட்டாயிற்று. இப்போது அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், வெளியே மழை, வீட்டில் நான் மட்டும். இனி என் முறை.

எங்களுக்குப் பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்பு. என் வீட்டுக்காரர் செந்திலும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பார்க்கிறார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாசல். மூத்தாரை நான் மாமா என்பேன். அவர் மனைவி சுமதி அக்கா. நான் ஊர்ப் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். காலை ஐந்தரைக்குப் போனால் வீடு திரும்ப ஒன்பதாகும், சாயங்காலப் பாலுக்கும் ஒருமுறை போவேன். ஆகவே கனியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளி வண்டி ஏற்றுவது அவள் அப்பாவின் வேலை. நல்ல அப்பாதான். அதுதான் பிரச்சினையே.

தை மாதத்தில் ஒருநாள் தேங்காய் ஏற்றிய டிரெய்லரின் உச்சியில் ஏறிக்கொண்டு, "அம்மா, இங்கிருந்து எங்க ஸ்கூல் தெரியுமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் குதித்துவிட்டாள். அதுதான் கனி. கேள்வி கேட்பாள், பதிலுக்கு நிற்க மாட்டாள். இடது முன்கையில் எலும்பு முறிந்தது. ஒரு வருடத்துக்குள் மூன்றாவது காயம் அது.

பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மாவுக்கட்டோடு அவள் வார்டு முழுவதையும் சுற்றினாள். ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் இருந்த கைப்பிடியைச் சுழற்றி, படுத்திருந்தவர்களை உட்கார வைத்தாள். மணியை அழுத்தி அழுத்தி நர்சுகளை ஓட விட்டாள். ஒரு நர்சு இடுப்பில் கைவைத்து நின்று, "ஈ குட்டிக்கு சுவிட்ச் ஒந்நும் இல்லே சேச்சி?" என்று என்னிடம் கேட்டார், இந்தப் பிள்ளையை நிறுத்த ஒரு சுவிட்ச் இல்லையா என்று. நான் சிரித்தேன். சிரித்து மழுப்பியே இரண்டு வருடம் ஓட்டியிருந்தேன்.

எலும்பு டாக்டர்தான் முதலில் உருப்படியாக ஒன்று சொன்னார். கையைப் பார்த்துவிட்டு, "கை செரியாவும். பட்சே இனியும் சாடும். மேலே ரெண்டாம் நெலைல குட்டிங்களெப் பாக்கற டாக்டர் உண்டு, காட்டிட்டுப் போங்க" என்றார். சாடும் என்றால் குதிக்கும்.

இரண்டாம் மாடியில் கதவுக்கு மேலே மானசிகாரோக்யம், அதாவது மனநலம், என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. செந்தில் அதைப் படித்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"கோகிலா, நம்மூருக்காரங்க ஆராச்சும் பாத்தா என்னன்னு நெனைப்பாங்க?"

"புள்ளைக்கு ஒடம்பு செரியில்லைன்னு நெனைப்பாங்க."

"அதில்ல. நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது கெட்டது பேசறப்ப..."

ஏழு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு! அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். பூட்டியிருந்த மருந்து அலமாரியின் கதவைத் திறக்க முயன்றுகொண்டிருந்த கனியை இழுத்துக்கொண்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

டாக்டரம்மா ஒரே நாளில் பெயர் வைத்துவிடவில்லை. மூன்று முறை போனோம். வீட்டுக்கு ஒரு படிவம், பள்ளிக்கு ஒரு படிவம். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறாளா, தன் முறை வரும்வரை காத்திருக்கிறாளா, தொடங்கிய வேலையை முடிக்கிறாளா என்று வரிசையாகக் கேள்விகள். பள்ளிப் படிவத்தை வாங்கப் போன அன்றுதான், மூன்று மாதமாக அவளைச் சுவரைப் பார்த்துத் தனி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. "மற்ற குழந்தைகள் படிக்க வேண்டாமா?" என்றார் அந்த மிஸ். என் பிள்ளை சுவரிடம் என்ன படித்தாள் என்று கேட்டேன்.

காது, கண் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை தொடங்குமுன் இதயம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஈ.சி.ஜி. நெஞ்சில் ஒட்டிய வயர்களை அவள் இரண்டு முறை பிய்த்தெறிந்தாள். மூன்றாம் முறை டாக்டரம்மாவே வந்து, "மோளே, நின்டெ நெஞ்சு படம் வரையப் போகுது, அனங்காம கிடந்நாத்தான் படம் நேரா வரும்" என்றார். அரை நிமிடம் கிடந்தாள். அது போதுமானதாக இருந்தது.

ஏ.டி.எச்.டி. என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. எல்லாவற்றின் மேலும் கவனம் போகிறது. எதில் நிற்பது, எதை விடுவது என்று பொறுக்கும் வேலையைத்தான் மூளை சரியாகச் செய்வதில்லை. இது கொழுப்பு அல்ல, வளர்ப்புக் குற்றமும் அல்ல. மருந்தின் பெயர் மெத்தில்பெனிடேட். அந்தப் பொறுக்கும் வேலைக்குச் சில மணிநேரம் துணை நிற்கும், பிறகு இறங்கிவிடும். மதியம் பசிக்காது, இரவு தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் காலையில் வயிறு நிறையத் தின்ற பிறகே கொடுக்க வேண்டும். முதலில் அரை மாத்திரை. போதவில்லை என்றால் பார்த்துக் கூட்டலாம்.

எங்கள் பக்கத்து மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "ஏனுங்க, இது போதெ மருந்து மாதிரிங்க. நம்ம கடைல வெக்கறதில்லீங்க" என்றார். கட்டுப்பாடு உள்ள மருந்துதான், சீட்டைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டுதான் கொடுப்பார்கள், பாலக்காட்டிலேயே ஓரிரு கடைகளில்தான் கிடைக்கும். அதெல்லாம் சரி. ஆனால் கடைக்காரர் வாய் அன்று சாயங்காலமே ஊரைச் சுற்றி வந்துவிட்டது. கோகிலா பிள்ளைக்குப் போதை மருந்து கொடுக்கிறாள். மறுநாள் பால் ஊற்ற வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிள்ளை பித்துப் பிடித்தவள்போல் உட்காரவில்லை. அதே வாய், அதே சேட்டை. ஆனால் ஒருநாள் பள்ளி விடுமுறையில் என்னோடு சொசைட்டிக்கு வந்தவள், "அம்மா, பால்ல தண்ணி இருந்தா எப்படிக் கண்டுபுடிப்பீங்க?" என்று கேட்டாள். நான் கை கழுவிவிட்டுத் திரும்பினேன். அவள் அங்கேயே நின்றிருந்தாள். பதிலுக்காக. பாலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் கருவியைப் பற்றி முழுக்கச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

மதியச் சோறு மட்டும் டப்பாவில் அப்படியே திரும்பி வந்தது. சுமதி அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை.

"புள்ளெ எளைச்சு ஈர்க்குச்சியாட்டப் போச்சு. மாத்திரெ குடுக்கறாளாமா மாத்திரெ! ரெண்டு வெச்சா எல்லாஞ் செரியாயிரும்."

"ரெண்டு இல்லீங்க்கா, இருபது வெச்சுப் பாத்தாச்சு" என்றேன். அதுவும் உண்மை. அந்த அடிகளை நினைத்து இன்றைக்கும் எனக்கு என் கைமேல் கோபம்தான்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோம்பி சாட்டினார்கள். கோயில் முன்னால் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், கம்பம் பிடுங்குகிற வரை பதினைந்து நாளைக்குக் காப்புக்காரர்கள் ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது இறங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மூத்தாரும் செந்திலும் கட்டிக்கொண்டார்கள். கனி அடங்கி நடந்தால் அவள் கையாலேயே மாவிளக்கு எடுக்க வைப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்ததால் அவளுக்கும் கட்டினார்கள். இடது கை மாவுக்கட்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்து சோனியாக இருந்தது. வலது கையில் கட்டினார்கள். எனக்கும் சாமி உண்டு. மஞ்சள் கயிறு மணிக்கட்டில், மாத்திரை வயிற்றில், இரண்டுக்கும் தகராறு வராது என்றுதான் நினைத்தேன்.

காப்புக் கட்டிய இரண்டாம் நாளே எல்லாம் பழையபடி ஆனது. பள்ளியிலிருந்து மறுபடி குறிப்பு வந்தது. தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டாள், தோட்டத்தில் பாதித் தென்னைக்குத் தண்ணீர் இல்லை. ஒருநாள் சாயங்காலம் பால் வண்டிக்கு முன்னால் பாய்ந்து ரோட்டைத் தாண்டினாள். டிரைவர் பிரேக் போட்ட சத்தத்தில் நான் சொசைட்டித் திண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மருந்து இவளுக்கு வேலை செய்யாது, அவ்வளவுதான், இனி வேறு வழி இல்லை என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வண்டி என்றைக்காவது பிரேக் பிடிக்காமல் வரும். அதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

பத்தாம் நாள் காலையில் மறு பரிசோதனை. அன்று செந்தில் உள்ளேயே வந்தார். என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இதை மறக்க வேண்டாம்.

"தெவசமும் கொடுத்தீங்களா? ஒரு நாள்கூட முடங்கலியே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு நாள்கூட விடலீங்க" என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

செந்தில் தன் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா நாளையிலிருந்து முழு மாத்திரை என்று எழுதினார்.

முழு மாத்திரையை முதல்நாள் நானே கொடுக்க வேண்டும் என்று சொசைட்டிக்கு லீவு சொன்னேன். முந்தின இரவு காப்பு விரதம் என்று அக்கா பிள்ளைக்கு ஒரு பழமும் பாலும்தான் கொடுத்திருந்தார். காலையில் அரைத் தோசைக்கு மேல் இறங்கவில்லை. கொடுத்தேன். பத்து மணிக்கு என் மடியில் வந்து விழுந்தாள்.

"அம்மா, நெஞ்சு உள்ளெ குதிக்குதும்மா. நிறுத்தச் சொல்லும்மா."

கை சில்லென்றிருந்தது. மூன்று முறை வாந்தி எடுத்தாள். பக்கத்துத் தோட்டக்காரர் காரில் பாலக்காட்டுக்குப் பறந்தோம். அந்த வழியில் நான் எதை எதையெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன். அவசரப் பிரிவில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். நாடி நூற்று நாற்பதைத் தாண்டியிருந்தது. மறுபடி ஈ.சி.ஜி. இந்த முறை வயர்களைப் பிடுங்க அவளுக்குத் தெம்பில்லை. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனாலும் ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா வந்து நெடுநேரம் நின்று பார்த்தார்.

"அரைல பலன் இல்ல, முழுசு தாங்கல. இந்த மருந்து இவளுக்கு ஒத்துக்காதுன்னு தோணுது. நிறுத்திடலாம். பின்னே வேற வழி நோக்கலாம்."

அந்த இரண்டு வாரம் எனக்குக் கிடைத்த பிள்ளை இனி இல்லை என்று சொல்வதுபோல் இருந்தது அது. நான் செந்திலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோகிலா, பொழுதெறங்கப் போகுது."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. காப்பு! மனிதர் கீழே போய் எனக்கு ஒரு பன்னும் பிளாஸ்க்கில் டீயும் வாங்கி வந்து வைத்தார், போர்வையை மடித்துப் பிள்ளையின் காலடியில் வைத்தார், அவள் நெற்றியைத் தொட்டார், பஸ் ஏறிப் போய்விட்டார். டீக்குச் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லியிருந்தார், எனக்குப் பிடித்தபடி. அந்த டீயைக் கழுவும் தொட்டியில் கொட்டினேன்.

சற்று நேரத்தில் மூத்தார் போனில் வந்தார். "அம்மணி, கொழந்தைக்கும் காப்பு இருக்குதல்லொ. எப்படியாச்சும் எல்லைக்குள்ள கூட்டியாந்துரு. காலைல மறுக்காக் கூட்டிட்டுப் போயிக்கலாம்."

"ட்ரிப் ஏத்தறாங்க மாமா" என்றேன்.

"ஆத்தா பாத்துக்குவா அம்மணி."

போனை அணைத்தேன். பெரியவர் பேசும்போது போனை வைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

வாந்தியில் உடம்பு வற்றியிருந்ததால் ட்ரிப் ஏற்ற வேண்டியிருந்தது. சோனிக் கையில் நரம்பு கிடைக்கவில்லை. வலது கையைப் பிடித்த நர்சு, மஞ்சள் கயிற்றைப் பார்த்துத் தயங்கினார். "சேச்சி, இது அம்பலத்தில கெட்டியதல்லே?" கோயில் கயிறென்று அவர் கையை எடுத்துக்கொண்டார். கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினேன். வெட்டினேன்.

கனி கீழே விழுந்த கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, காப்பு அறுந்துருச்சுல்ல? இனி சொல்லலாமா?"

"என்னத்தெ கண்ணு?"

"அப்பா மாத்திரெ குடுக்கலம்மா, ஆத்தாகிட்ட வெச்சுருச்சு. மஞ்சத்தண்ணிதான் குடுத்துது. காப்பு அவுக்கற வரைக்கும் அம்மாகிட்டச் சொல்லாதேன்னுச்சு. சொன்னா ஆத்தா அம்மா கண்ணக் குத்திருமாமா. இப்பக் குத்தாதுல்ல?"

எதையும் ஒரு நிமிடம் வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை. என் கண்ணுக்காக ஒன்பது நாள் வைத்திருந்திருக்கிறாள்.

குத்தாது என்று சொல்லி அவளைத் தூங்க வைத்தேன். என் கோபத்தை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை. மாத்திரை கொடுக்காதது ஒரு பக்கம். அந்த நாற்காலியில், என் பக்கத்தில், டாக்டர் கேட்கும்போது வாயை மூடி உட்கார்ந்திருந்தாரே, அதை எதில் சேர்ப்பது? உள்ளே போகாத அரை மாத்திரை போதவில்லையென்று முழு மாத்திரை எழுத வைத்தார். வெறும் வயிற்றோடு கிடந்த பிள்ளைக்கு அதை என் கையாலேயே கொடுக்க வைத்தார். எனக்கு என்மேலும் கோபம் வந்தது. ஊரார் பாலுக்கெல்லாம் கருவி வைத்துப் பார்க்கிறவள், வீட்டில் மாத்திரை பிள்ளையின் வாய்க்குள் போகிறதா என்று ஒருநாள் நின்று பார்க்கவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் செந்தில் வந்தார். சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலம். கயிறில்லாத பிள்ளையின் கையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரம்மா வந்ததும், "நீங்களே சொல்லுங்க" என்றேன்.

பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். ஒன்பது அரை மாத்திரைகள், மஞ்சள் ஒட்டிப் போய். அம்மன் படத்துக்கு முன்னால் மஞ்சள் டப்பாவுக்குள் வைத்திருந்தாராம்.

"காப்புக் கட்டுன கைக்கு இங்கிலீசு மருந்து ஆகாதுன்னு அண்ணன் சொன்னாங்க. பதனஞ்சு நாள்தானேன்னு... தப்புத்தானுங்க டாக்டர்."

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நிங்ஙள் மிண்டாம இருந்நது கொண்டல்லே ஞான் டோஸ் கூட்டியது?" என்றார். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததால்தானே கூட்டினேன் என்று. பிறகு தணிந்து என்னிடம் சொன்னார்: மருந்து தோற்கவில்லை, மருந்துக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. இனி நிறுத்த வேண்டாம், நாடி இறங்கிவிட்டது, நாளை மறுநாள் மறுபடி அரை மாத்திரை, வயிறு நிறையத் தின்ற பிறகு. விரதம் எதுவும் கிடையாது.

டாக்டரிடம் தப்பென்று சொன்னவர் என்னிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பிள்ளை திறந்து காட்டும் வெறும் வாயைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். நான் பார்க்கிறேன். பதில் போடுவதில்லை.

கம்பம் பிடுங்கி மஞ்சள் நீராடிய மறுநாள் மூத்தார் வீட்டில் விருந்து. நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். காப்பை அறுத்த கோகிலா வர மாட்டாள் என்று ஊர் பேசும், போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத விதத்தில்தான் எல்லாம் இருந்தது. வரிசையாக இலை போட்டார்கள். மூத்தார் வழக்கம்போல் சோற்றுக்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்து, ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினார். காப்புக் கட்டியிருந்த பதினைந்து நாளும் இப்படித்தான் விழுங்கினார், நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி நாலைந்து நாளாக என் நாக்கு நுனியில் இருந்தது. பெரியவர். கேட்கவில்லை.

எதிர் இலையில் கனி இருந்தாள்.

"பெரியப்பா, நீங்களும் காப்புக் கட்டியிருந்தீங்கல்ல?"

"ஆமாஞ் சாமி."

"அப்ப உங்க மாத்திரைய மட்டும் ஆத்தா ஏன் வாங்கி வெச்சுக்கலீங்க?"

சுமதி அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. செந்தில் இலையைப் பார்த்தார். மூத்தார் தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார். முன்பு என்றால் கனி கேட்ட வேகத்திலேயே எழுந்து வாசலுக்கு ஓடியிருப்பாள், எல்லோரும் சிரித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்திருப்போம். அன்று அவள் சம்மணம் போட்டு, பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தபடி, பதிலுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.